சைக்ள்

கடல் இங்கிருந்து மூன்று மணி நேர பஸ்.
கள்ளந்திரி கால்வாய்க்கு டவுன்பஸ் போதும்.
மதகு திறந்தால்
சரிவு முடிகிற இடத்தில் ஓர் அலை எழுந்து
எங்கும் போகாமல் நிற்கும்.
தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.
அலை போகாது.

முதல் பலகையை ரெசின் தின்றுவிட்டது.
கல்யாண மேடையில் அன்னமாக நின்ற தெர்மகோல்,
தஸ்லிம் ஒரு கோட் பூசியதும்
சீறி, குழிந்து, வெறும் வாசனையாகிப் போனது.
"எப்பாக்ஸிதான் தாங்கும்" என்றான்,
ஆம்னி பஸ் பம்பர் ஒட்டுகிற கையைத் துடைத்தபடி.
இரண்டாவது தாங்கியது.
மேலே இரண்டு பள்ளம்,
என் முழங்காலுக்கு அளவெடுத்துத் தோண்டியது.
எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர்
என்னை முட்டி போடவைத்த மணிகளை
யாராவது கூட்டிப் பார்த்திருந்தால்
இதற்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்திருக்கும்.
இப்போது தல்லாகுளத்தில் மாடியில் உட்கார்ந்து
ஊரார் கணக்கை எழுதுகிறேன்.

அடியில் எத்தனை துடுப்பு வைப்பது,
அதுதான் பாடு.

நடுவில் ஒன்று, தேக்கு.
நேராக நின்றது. நேராக மட்டும்.
திருப்பப் பார்த்தால்
மாசி வீதி முனையில் தேர்;
ஊரே வந்து கட்டை போட வேண்டும்.

ஒன்றும் இல்லாமல்:
மூன்று விநாடி.
காசிம் கயிற்றை இழுத்தபோது
எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்
என்று எனக்கே தெரியாது.

ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு, பம்பர் துண்டில் அறுத்தவை.
நினைக்கும் முன்பே திரும்பியது.
நினைத்து முடித்தபோது நான் தண்ணீருக்குள்.

மூன்று: நிதானம்.
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் நிதானம்.
அலைமேல் எனக்குக் கொட்டாவி வந்தது.

"மேலேறு, மேலேறு" என்று கரையில் கத்தினார்
பாசன லஸ்கர் பெரியமாயன்.
ஏறினோம். அவர் போனதும் இறங்கினோம்.
மூன்று நாள் இப்படி.
நாலாம் நாள் அளவுகோலை எட்டிப் பார்த்துவிட்டு
"இன்னைக்கு நாலடி, செத்துகித்துப் போயிராதீக"
என்று மட்டும் சொல்லிப் போனார்.

நான்கு வைக்கப் பொருள் போதவில்லை.
சிம்மக்கல்லில் இடித்த கடையின் பெயர்ப்பலகை
எடைக்குக் கிடைத்தது. அக்ரிலிக், ஆறு எம்எம்.
வாள் ஓட்டும்போது எழுத்தைக் கவனிக்கவில்லையாம் தஸ்லிம்.
நான் நம்பவில்லை.
இடப்பக்கம் முன்னால் சை, பின்னால் க்.
வலப்பக்கம் முன்னால் கி, பின்னால் ள்.

வேகம்.
கண்ணில் நீர் குத்துகிற வேகம்,
ஆனாலும் அலையின் இடத்தோளில் ஏறும்போதெல்லாம்
யாரோ வலப்பக்கம் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.
ஆறாவது தடவையோ என்னவோ,
மிதந்து வந்த கருவேலங்கிளை அடியில் மோதி
டக்.

பலகை ஒருமுறை உதறிக்கொண்டது.
பிறகு இழுப்பு நின்றது.
இடத்தோளில் ஏறினேன், இறங்கினேன்,
மறுபடி ஏறினேன்.
கரையில் காசிம் கயிற்றை மறந்து
பீடி பற்றவைத்திருந்தான்.

புரட்டிப் பார்த்தோம். கி இல்லை.

சரிவில் ஒரு பக்கத்துக் கற்கள் பெயர்ந்து
வெகுநாளாகிறது. அலை ஒருக்களித்துத்தான் நிற்கிறது.
இந்தப் பக்கம் இரண்டென்றால்
அந்தப் பக்கமும் இரண்டு என்று
நான்தான் அதன் அடியில்
ஐந்தொகை போட்டுக்கொண்டிருந்தேன்.

முறைத்தண்ணீர் நின்ற வாரம்
வறண்ட கால்வாயில் நடந்து தேடினோம்.
ஒற்றைச் செருப்பு. பூட்டு, சாவியோடு.
மூடி திறக்காத ஒரு பாட்டில் குவார்ட்டர்,
அதைக் காசிம் திரும்ப வைக்கவில்லை.
கி அகப்படவில்லை.
கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம்
என்று யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

திரும்பும் வழியில் அப்பன்திருப்பதியில் மறித்தார்கள்.
டிவிஎஸ்ஸில் குறுக்கே கட்டிய பலகையை
டார்ச் அடித்துச் சுற்றிவந்த ஏட்டு
அடிப்பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டினார்:
"சை... க்... ள்.
என்னம்மா, எழுத்து ஒண்ணு விட்டுப்போச்சே?"

"ஆமா சார்" என்றேன்.
"அதுலதான் ஓடுது."